டொல்பின்களின் சலாம்

பெப்ரவரி 9, வெள்ளி இரவு

கற்பிட்டிக் கடலில் டொல்பின்கள் என்னைக் கண்டால் வரிசையில் நின்று சலாம் சொல்லும் என்று தங்கை மகள் ரிஸ்வானாவிடம் அளந்திருந்தேன். அதை நம்பிக் கொழும்பிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு இன்று வந்து இறங்கிவிட்டாள். விடியற்காலையில் போக நல்ல படகு பிடிப்பது என் தலையில்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கரைக்குப் போனேன். முதல் படகுக்காரர், "ஆயிரம் டொல்பின் நிச்சயம் நானா. விரட்டிப் புடிச்சுக் காட்டுவன்" என்றார். என் குரலையே கேட்டதுபோல் இருந்தது. அந்தக் கணமே நம்பிக்கை போய்விட்டது.

அடுத்தவர் நஸீர். பிள்ளைகளின் வயதைக் கேட்டு, அவர்களுக்கு அளவான உயிர்காப்பு அங்கிகளை எடுத்து வைத்தார். "எஞ்சினை நிப்பாட்டிட்டுச் சும்மா மிதப்பம். அதுகள் வந்தாப் பாக்கலாம். காத்துக் கூடினா நான் போகவே மாட்டன்."

இவரையே பேசி முடித்தேன்.

"ஒண்டும் வராட்டி உங்கட சலாம் என்னாகும் மாமா?" என்று வீட்டில் இதைக் கேட்ட ரிஸ்வானா சிரித்தாள்.

இப்போது காற்று அடங்கியிருக்கிறது. கண்ணை மூடினால் எஞ்சின் நின்ற கடல், பால்போல் வெளிச்சம், எங்கோ ஈர முதுகு ஒன்று புரள்கிறது. ஒன்றே ஒன்று வந்தால் போதும். சலாமை நானே சொல்லிக்கொள்வேன்.