கறியை விட்டோம், கருவாட்டை விடவில்லை

சாந்தோம்,
ஈஸ்டர் கழிந்த வியாழன்

என் செல்ல மகள் ஜொவிட்டாவுக்கு அம்மா ஃப்ளோரன்ஸ் ஆசையோடு எழுதுவது. மாதாவின் தயவில் அப்பாவும் நானும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளை எரிக்கும் மெல்போர்ன் குளிரில் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் உங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்கிறேன். தினம் போனில் பேசுகிறோமே, இதென்ன கடிதம் என்று சிரிப்பாய். போனில் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு நான் சொல்வதற்கெல்லாம் திருத்தம் சொல்கிறார். இது அவருக்குத் தெரியாமல் சொல்ல வேண்டிய விஷயம், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

பொங்கல் சமயத்தில் மாடிப்படி ஏறும்போது அவருக்கு நெஞ்சை அடைத்தது உனக்குத் தெரியும். ரத்தக்குழாயில் அடைப்பு ஆரம்பித்திருக்கிறது, மாத்திரை சாப்பிட்டு, உப்பைக் குறைத்து, தினமும் நடந்தால் சமாளிக்கலாம் என்று டாக்டர் சொன்னதையும் சொல்லியிருந்தேன். இல்லாவிட்டால் அடுத்த முறை இப்படித் தப்பிக்க முடியாது என்று டாக்டர் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து நீ அழுதால் யார் தேற்றுவார்கள், கோபித்துக்கொள்ளாதே.

நம் தெருக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியம் முன்பு வீட்டுக்கு வீடு கூடி ஜெபம் சொல்லிச் சுண்டல் கொடுத்துக் கலையும், நினைவிருக்கிறதா, நீ ஜெபத்துக்குத் தூங்கிவிட்டுச் சுண்டலுக்குச் சரியாக விழிப்பாய். இப்போது அதே அன்பியத்துக்காரர்கள் சனிக்கிழமைதோறும் பங்கு மண்டபத்தில் எல்லாருக்கும் பிரஷர், சுகர் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் குல்சும் வருகிறாள், கோயிலுக்கு வருகிறவர்கள்தான் என்றில்லை, அக்கம்பக்கத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம். காலையில் கோயில் வாசலில் கூடிப் பட்டினப்பாக்கம் வரை கூட்டமாக நடக்கவும் செய்கிறார்கள். பிரஷர் மெஷினை வைத்திருப்பது எந்த மேடையில் தெரியுமா, நீ கிறிஸ்மஸ் நாடகத்தில் சம்மனசு வேஷம் போட்டு, வசனம் மறந்து, இறக்கையோடு அழுதுகொண்டே இறங்கி ஓடி வந்தாயே, அதே மேடைதான். அங்கே கையை நீட்டி உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த இறக்கைதான் ஞாபகம் வருகிறது. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பஞ்சு ஒட்டினவர் உன் அப்பா.

அவரை அங்கே கூட்டிப்போவதற்குள் எனக்குப் பிராணன் போயிற்று. நடக்க வாருங்கள் என்று கூப்பிட்டதற்கு, கும்பலா நடக்க இது இன்னா தேர்தல் ஊர்வலமா, நான் வரலப்பா என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பிரஷர் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே பார்த்துக்கொண்டார். தவக்காலம் வந்தது, நம் வீட்டு வழக்கம்போலச் சாம்பல் புதனிலிருந்து கறி, கோழி, முட்டை எதுவும் கிடையாது. அப்பாவுக்கு ஒரே பெருமை, இந்த வருஷ ஒறுத்தல் ஆன்மாவுக்கும் ஆச்சு, இருதயத்துக்கும் ஆச்சு என்றார். ஆனால் வாராவாரம் பிரஷர் ஏறிக்கொண்டே போயிற்று. மாத்திரையையும் விடவில்லை. அவருக்கோ கோபம், கறியும் துன்னல ஒண்ணும் துன்னல, அப்பயும் ஏறுது பாரு, எல்லாம் டுபாக்கூர், இனிமே மண்டபமும் வேணா மாத்திரையும் வேணா என்று போய்ப் படுத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை நான் மட்டும் போனேன். முந்தின நாள் என்ன சாப்பிட்டோம் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னாள் குல்சும். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, தவக்காலம் அம்மா, நாங்கள் சுத்தபோசனம், கறியைத் தொடுவதே இல்லை, காலையில் பழைய சோறும் வடுமாங்காயும், மத்தியானம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, சாயங்காலம் கஞ்சிக்குச் சுட்ட கருவாடு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சொல்லச் சொல்ல என் வாயிலேயே உப்புக் கரித்தது, அப்படியே நிறுத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த நம் அன்பியப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், எல்லார் வீட்டிலும் அதே சட்டிதானே. எல்லாருக்கும் பிரஷர் ஏறித்தான் இருந்தது. குல்சும் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னா ஆன்ட்டி, கறிய வுட்டுட்டு கடல் உப்பயே துன்னுகினு கீறீங்க என்றாள், மண்டபமே சிரித்தது. எங்க ஊட்லயும் நோம்பு தொறக்கும்போது வடையும் சமோசாவுமா இதே கூத்துதான் என்று அவளும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அப்பா விடுவாரா, ஆண்டவரே மீன் துன்னவருதான் என்றார். ஆண்டவர் சாப்பிட்டது சுட்ட மீன், கருவாடு இல்லை என்றேன். மறுநாளே கருவாட்டு டப்பாவைக் காலி செய்தேன், ஊறுகாய் ஜாடி பரண் ஏறிவிட்டது, மாத்திரையை நானே கையில் வைத்து முழுங்கும் வரை நின்று பார்க்கிறேன். இப்போது பிரஷர் இறங்கி வருகிறது, தேவனுக்கு ஸ்தோத்திரம்.

ஆனால் நடைதான் பாக்கி இருந்தது. கூட்டத்தோடு வரமாட்டேன், தனியா போய்க்கிறேன் என்று காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார். எல்லாரும் கடல் பக்கம் போக, இவர் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்புகிறார் என்று கேள்விப்பட்டேன். கச்சேரி ரோட்டில் எங்கேயோ வடையும் டீயுமாக உட்கார்ந்திருப்பார், கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று திங்கட்கிழமை பின்னாலேயே போனேன். டீக்கடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவர். நேராக நீ படித்த கான்வென்ட் கேட்டுக்குப் போய், எதிர்ச்சாரியில் அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றார், நீ புத்தகப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போன பிறகும் ஆபீஸுக்கு நேரமாவதை மறந்து நிற்பாரே, அதே இடம். பிள்ளைகள் எல்லாம் உள்ளே போய் மணி அடிக்கும் வரை நின்றார். பிறகு திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். இன்னா பண்றது ஃப்ளோரன்ஸ், காலையில நடன்னா காலு இங்கதான் வருது என்றார். இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்கு நடந்து வந்தோம்.

வேலையில் நேரத்துக்குச் சாப்பிடு, பொட்டலத்து நூடுல்ஸ் எல்லாம் வெறும் உப்பு, எரிக்கையும் ஒருமுறை பிரஷர் பார்த்துக்கொள்ளச் சொல். இந்த மாதக் கடைசியில் பள்ளிக்கு லீவு விட்டுவிடுவார்கள், கேட்டைப் பூட்டிவிட்டால் அவர் எதற்காக நடப்பார் என்பதுதான் இப்போது என் கவலை. அவர் அங்கே போய் நிற்கும் நேரம் உனக்கு மதியச் சாப்பாட்டு வேளை. லீவிலும் அவர் நடந்து வர, தினமும் அந்த நேரத்துக்கு அவருக்கு ஒரு போன் போடு, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்காதே, நான் எழுதியதாகவும் காட்டிக்கொள்ளாதே. சும்மா, அந்த நாளில் கேட்டுக்குள்ளிருந்து கத்துவாயே, அதே மாதிரி, நான் உள்ள போய்ட்டேன் டாடி, நீங்க கெளம்புங்க என்று சொல்.

மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
ஃப்ளோரன்ஸ் ஆம்ப்ரோஸ்