நடுவில் ஆள் இல்லாத தீவு

ஜூன் 10, செவ்வாய். பழங்காநத்தம்

காலையிலேயே வெயில். காற்று வேறு. மாடியில் காயப்போட்ட துண்டு பக்கத்து வீட்டு வாசலில். பெட்டி கட்டும் வேலை.

பருப்புப்பொடி. அப்பளம். நாரத்தங்காய் ஊறுகாய், மூன்று கவர் போட்டு. செல்விக்குத் தைத்த ஜாக்கெட்டுகள். வயிற்றுக்குக் கட்டும் பெல்ட். தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டு மூடியாயிற்று.

மகள் செல்வி மாலத்தீவில், தெற்குக் கோடித் தீவு ஒன்றில் கணக்கு டீச்சர். அவளுக்கு லீவு இல்லை, அதனால் நாங்கள் போகிறோம். நாங்கள் என்றால் நானும் அவரும். மாசியிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

காரணத்தை எழுதி வைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் மறந்துபோய் மன்னித்துத் தொலைப்பேன். கர்ப்பப்பை எடுக்க என்னை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் இருந்த மனுஷன், பங்காளி வீட்டுக் கிடாவெட்டுக்கு டி. கல்லுப்பட்டி போய்விட்டார். சாயங்காலம்தான் வந்தார். கையில் கறி வாசம்.

அன்றிலிருந்து எல்லாம் ஆள் வைத்துத்தான். கூடத்திலிருந்து அவர் செல்விக்குப் போன் போடுவார்: "உங்கம்மாட்டச் சொல்லு, கரண்டு பில்லு கட்டியாச்சு." செ. எனக்குப் போன் போட்டுச் சொல்வாள். நான் அடுப்படியில் இருப்பேன். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே மாலத்தீவு.

நேற்று அவளும் கையை விரித்துவிட்டாள். "இனிமே நான் தூது போகமாட்டேன். நீங்களா பேசிக்கங்க."

அவருக்குத் தெரியாதது: நான் திரும்பி வருவதாக இல்லை. செ.யிடம் மட்டும் சொன்னேன். டிக்கெட் தேதியை அங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம் என்றாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 12, வியாழன். மாலே விமான நிலையம்

மேகம். புழுக்கம். நேற்று மதியம் மதுரையில் ஏறியது. ராத்திரி கொழும்பில் நாற்காலித் தூக்கம். காலையில் மாலே. செ. இருக்கும் தீவுக்குச் சின்ன விமானம் சாயங்காலம்தான். பகல் முழுக்கச் சும்மா.

இங்கே வைஃபை உண்டு. செ. பேசினாள். மூட்டை மாதிரி அங்கேயே உட்காராதீர்கள், பெட்டிகளைக் கொடுத்து வைக்க இடம் இருக்கிறது, படகில் ஊருக்குள் போய் நாலு இடம் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள். உடனே போனை அணைத்துவிட்டாள். வகுப்பாம். பொய்.

படகை இங்கேயும் தோணி என்றுதான் சொல்கிறார்கள். சொட்டு நீலம் கலக்கிய வாளி மாதிரி தண்ணீர். விமான நிலையத்தைத் தாண்டியதும் போன் செத்தது. இனி நடுவில் ஆள் இல்லை.

அவர் மொட்டையாகப் பேச ஆரம்பித்தார். கடலைப் பார்த்து: "ஓரத்துல உக்காராம இருக்கறது நல்லது." என் பையைப் பார்த்து: "கனமா இருந்தா குடுக்கலாம்." கொடுக்கவில்லை.

சின்ன ஊர். நெரிசல் மட்டும் பழங்காநத்தத்துக்குக் குறைவில்லை. எந்தச் சந்து முடிந்தாலும் கடல்.

பார்த்தவை: மீன் மார்க்கெட். ஒவ்வொரு மீனும் கைக்குழந்தை கனம். கண்மாய்க் கெண்டை தின்றே வளர்ந்த மனுஷன் வாயைப் பிளந்து நின்றார். பவளக்கல்லில் கட்டிய பழைய பள்ளிவாசல். வெற்றிலை பாக்குக் கடை. மாம்பழம், விலை கேட்டதோடு சரி. வயிறு இழுத்தது. அவர் நடையைக் குறைத்தார். பார்த்தேன். பார்க்காத மாதிரி நடந்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. டீக்கடையில் ஒதுங்கினோம். அவர் மழையைத் திட்டிய திட்டிலேயே கடைக்காரர் ஊரைக் கண்டுபிடித்துவிட்டார். கடைக்காரருக்கும் நம் பக்கம்தான், காளையார்கோவில். நாற்பது வயது இருக்கும். எங்கள் வீட்டுக்காரருக்கு உயிர் வந்தது. ஆள் கிடைத்துவிட்டதே.

"தம்பி, அவங்களுக்கு டீயா காப்பியான்னு கேளுங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். நடுவில் இருந்த மேசை ஒரு முழம். டீ என்றேன், கடைக்காரரிடம். கூடவே மீன் வைத்த சமோசா. நல்ல காரம். இரண்டு தின்றேன்.

நம் ஊர்க்காரர் சும்மா இருப்பாரா? அக்காவோடு சண்டையா என்று கேட்டுவிட்டார்.

அவ்வளவுதான். மாசியிலிருந்து எனக்கு ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன், முன்பின் தெரியாத ஆளிடம் கொட்டினார். கையெழுத்து வாங்க வந்த நர்ஸ், என்ன வேண்டுமானாலும் ஆகலாம் என்றாளாம். அவருடைய அம்மா அப்படித்தான் உள்ளே போய்த் திரும்பி வராமலே போனார். இவரால் பெஞ்சில் உட்கார முடியவில்லை. பங்காளி போன் போட்டதும் அதையே சாக்காக வைத்து பஸ் ஏறிவிட்டார்.

"பயந்துட்டேன் தம்பி. அங்க போனா எலையப் போட்டு உக்கார வச்சுட்டாங்க. தின்னேன். என்னத்தத் தின்னேன்னு கேட்டா தெரியாது."

நானும் கடைக்காரரிடமே சொன்னேன்.

"தம்பி, நான் கண்ணு முழிச்சப்ப நாக்கு ஒட்டிக்கெடந்துச்சு. பக்கத்துக் கட்டில்காரம்மாவோட வீட்டுக்காரரு பஞ்ச நனைச்சு எனக்கு ஒதட்டுல வச்சாரு. இத நான் யார்ட்டப் போயிச் சொல்ல?"

கடைக்காரர், பால் பொங்குது என்று உள்ளே போய்விட்டார். அங்கே இருந்தது டின் பால்.

மழைச் சத்தம். இனி யாரிடம் சொல்வது? அவரிடமே சொன்னேன்.

"நான் செல்விகூடவே இருக்கப்போறேன். ஊருக்குத் திரும்பி வரல."

டீயில் படிந்த ஆடையைத் தலை நிமிராமல் விரலால் ஒதுக்கினார். பிறகு, "எம்புட்டு நாளைக்கு?"

"தெரியல."

தலையை ஆட்டினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து கல்லாப் பக்கம் போனார். தண்ணீர் பாட்டிலோடு வந்தார். மூடியைத் திருகித் திறந்து என் கையில் கொடுத்தார்.

"குடி."

மாசிக்கு அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை. ஆத்திரம் தீரவில்லை. ஆனால் தாகம் இருந்தது. குடித்தேன்.

திரும்பி வரும் தோணியில் பையை அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. எடுத்துக்கொண்டார். விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள்.

ஜூன் 13, வெள்ளி. செ. வீடு

மழை விட்டுவிட்டு. இங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. நேற்று விமானத்தில் ஜன்னல் இடத்தை எனக்கு விட்டார். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை.

ஊறுகாய் ஒழுகிவிட்டது. மூன்று கவரும் வீண். ஜாக்கெட் ஒன்று போயிற்று, பச்சை.

காலையில் செ. ஆழம் பார்த்தாள். அவருக்கு இட்லி வைத்துக்கொண்டே, அம்மா எத்தனை நாள் இருக்கப்போகிறாள் தெரியுமா என்றாள். நான் அடுப்படியில் சட்னிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்சியை நிறுத்தினேன்.

"இங்கனயே இருக்கப்போறாளாம். எங்கிட்டயே சொன்னா."

எட்டிப் பார்த்தேன். தன்னந்தனியாக வீடு திரும்பப்போகிற மனுஷன். முகத்தில் அப்படி ஒரு பெருமை. சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கிவிட்டது, சனியன்.

சாப்பிட்டு முடித்ததும் செ. போனோடு வந்தாள். உன் டிக்கெட்டை எந்தத் தேதிக்கு மாற்ற என்றாள்.

இரு, உங்கப்பாவிடம் நானே கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.