வெட்டாமல் வைத்த பதினோரு நொடி

அரியலூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள தம்பி கலையரசனுக்கு,

அக்கா வேணி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, உன் மாமா, நான் எல்லோரும் சௌக்கியம். சென்னையில் நீயும் சௌக்கியம் என்றுதான் வாராவாரம் மெசேஜ் போடுகிறாய். அதற்குப் பிறகு வருகிறேன்.

கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. போன் செய்தால் "அக்கா, அப்புறம் கூப்புடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இரண்டு மாதமாக வரவில்லை. வாய்ஸ் அனுப்பினால் இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்டுவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மை ஒன்றை அனுப்புகிறாய். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. உட்கார்ந்து படித்துத்தான் ஆகவேண்டும்.

முதலில் வேலை விஷயம். வீடியோ கேம்களைப் பற்றி நீயும் பிரேம்குமாரும் பேசும் பாட்காஸ்டின் எண்பத்து நாலாவது பாகத்துக்கான பதிவு வந்து சேர்ந்தது. கேட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் நான்கு தடவை கொட்டாவி விட்டேன். ஸ்டுடியோவில் எட்டு வருஷமாகக் கல்யாண வீடியோ வெட்டுகிறவள் நான். மணமேடையில் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து போட்டோவுக்கு நிற்பதை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அப்போதுகூட இப்படித் தூக்கம் வந்ததில்லை.

"வணக்கம் நேயர்களே" என்று ஆரம்பிக்கிறாய். யாருடா நேயர்கள்? முன்பெல்லாம் "டேய், மைக்கு ஓடுதா?" என்று நீ கேட்பதும், "ஓடுது, நீதான் ஓடல" என்று பிரேம் சொல்வதும்தான் ஆரம்பம். இப்போது காகிதத்தைப் பார்த்துப் படிக்கிறாய். பக்கம் திருப்பும் சத்தம் எனக்குக் கேட்கிறது. கிராபிக்ஸுக்குப் பத்துக்கு எட்டு, இசைக்குப் பத்துக்கு ஏழு, கதைக்கு ஆறரை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைக்கூட நீ வீட்டில் இவ்வளவு தெளிவாகப் படித்துக் காட்டியதில்லை.

'தோத்தாங்கோளிகள்' என்று பெயர் வைத்தது யார்? நீதான். வீடியோ கேமைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஜெயித்த கதையையே சொல்கிறார்கள், நாம் தோற்ற கதையைச் சொல்வோம், ஊரில் தோற்றவர்கள்தான் அதிகம் என்று சொல்லி என் தலையில் இந்த எடிட்டிங் வேலையைக் கட்டினாய். எனக்கு அப்போது ஒரு கேமும் தெரியாது. இப்போதும் தெரியாது. ஆனால் எது காதுக்கு இனிக்கும், எது இனிக்காது என்பது உன்னைவிட எனக்குத் தெரியும். வெட்டுகிறவள் நான்.

அந்தக் கோட்டை அரக்கன் பாகம் நினைவிருக்கிறதா? இருபத்து மூன்று தடவை அவனிடம் அடி வாங்கிச் செத்தாய். ஒவ்வொரு சாவையும் ஒவ்வொரு விதமாகச் சொன்னாய். கடைசியில்தான், வாள் முதல் நாளிலிருந்தே பையில் இருந்தது, நீ வெறும் கையால் போய்க் குத்திக்கொண்டிருந்தாய் என்பது தெரிந்தது. பிரேம் பேச முடியாமல் சிரித்த சிரிப்பில் ஒரு நிமிஷம் முழுக்க வெறும் மூச்சுதான் பதிவாகியிருந்தது. அதில் ஒரு நொடியைக்கூட நான் தொடவில்லை. எதிர்வீட்டு அமிர்தலிங்கம் அண்ணன் அதைச் சுண்ணாம்புக்கல் லாரியில், சிமெண்ட் ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போது கேட்டிருக்கிறார். சிரித்ததில் வரிசை நகர்ந்தது தெரியாமல், பின்னால் நின்ற லாரிக்காரர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்களாம். அவர் வாழ்நாளில் கேம் விளையாடியதில்லை. அவருக்கு ஏன் பிடித்தது? நீ சொன்னபோது அந்தக் கோட்டையும் படிக்கட்டும் கதவுக்குப் பின்னால் மூச்சு விடுகிறவனும் அவர் கண்ணுக்குத் தெரிந்தார்கள். நீ போடுகிற மார்க்கில் அவருக்கு எதுவும் தெரிவதில்லை.

விவசாயம் செய்கிற அந்த கேமைப் பற்றிப் பேசியபோது பிரேம் போட்ட சண்டையையும் நினைத்துப் பார். பெரம்பலூரில் உரக்கடை வைத்திருப்பவனிடம் போய் மக்காச்சோளம் நாலு நாளில் விளைகிறது என்றால் விடுவானா? மழை எங்கே, படைப்புழு எங்கே, கூலிக்கு ஆள் எங்கே என்று ஒரு பிடி பிடித்தான். நீ விடாமல் அந்த கேமுக்காக வாதாடினாய். நடுவில் பேச்சு பாடாலூர் பக்கம் உங்கள் பைக் பஞ்சரான கதைக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ சுற்றிவிட்டு மக்காச்சோளத்துக்கே வந்தது. அப்படிப் பேச்சு தடம் மாறிப் போவதற்காகத்தான் ஜனங்கள் கேட்டார்கள். ஒருவன் விடாமல் வாதாட வேண்டும், மற்றவன் அவனைச் சும்மா விடக்கூடாது. இரண்டு பேருக்கும் ஒருத்தன்மேல் ஒருத்தனுக்குப் பயம் இருக்கக்கூடாது. கேட்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்க வேண்டும். இவ்வளவுதான். இதற்கு நல்ல மைக்குகூடத் தேவையில்லை.

இப்போது பிரேம் என்ன சொன்னாலும் "நல்ல கருத்து" என்கிறாய். அவன் போன வாரம் எனக்குப் போன் செய்தான். யூரியா மூட்டை இறக்கும் நேரத்தில், ஆட்கள் காத்துக்கொண்டிருக்க, கால் மணி நேரம் புலம்பினான். "அவன் எங்கிட்ட சண்டையே போட மாட்டேங்கிறான் அக்கா. நான் என்ன தப்பு பண்ணேன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றான். நீ அவனோடு பேசுவதை நிறுத்தியிருந்தால்கூட அவன் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டான்.

அமிர்தலிங்கம் அண்ணனும் கேட்பதை விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். தம்பி இப்பல்லாம் எல்லாத்தையும் ஜெயிச்சுடுது, அதுல என்னம்மா இருக்கு என்றார்.

உண்மைதான். எழுபத்தைந்தாவது பாகத்துக்குப் பிறகு நீ ஒரு கேமிலும் தோற்கவில்லை. எல்லாம் முதல் தடவையிலேயே முடிந்துவிடுகிறது. நம்ப நான் என்ன முட்டாளா?

இனி இரண்டாவது விஷயம். உன் பதிவில் நான் வெட்டி எடுக்கும் சத்தங்களை நீ கேட்பதில்லை. சுத்தமாக்கிய பிறகுதான் கேட்கிறாய். முன்பு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பதிவு செய்வாய். மாடியில் பிள்ளைகள் ஓடும் சத்தம் வரும். இப்போது வருவது, பழைய பேப்பர், இரும்பு எடுக்கிற வண்டியின் மைக் செட். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு மணி. போன மாதம் புதன்கிழமை, அடுத்தது வியாழன், பிறகு செவ்வாய். கேட்டால் லீவு என்றாய். பிறகு வீட்டிலிருந்தே வேலை என்றாய். ஆபீஸ் வேலை பார்க்கிறவனுடைய கம்ப்யூட்டர் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு தடவையாவது டிங் என்று சத்தம் போடும். உனக்கு முன்பு போட்டது. அதை வெட்டி வெட்டி எனக்குக் கை வலித்திருக்கிறது. இப்போது ஒரு டிங் கிடையாது.

இன்னொரு சத்தமும் இருக்கிறது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். எண்பத்து இரண்டில் மூன்று இடம், எண்பத்து மூன்றில் ஐந்து இடம். உன் வயிறு இரைகிற சத்தம். நீ இசைக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கும்போதே அது கேட்கிறது. நான் அதை வெட்டி எறிந்துவிட்டு, ஸ்டுடியோவில் யாரும் பார்க்காதபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. முதல் சம்பளத்தில் நீ வாங்கிய மைக், தம்பி. ஊசி விழுந்தாலும் பிடிக்கும். அதன் முன்னால் உட்கார்ந்து யாரிடம் மறைக்கிறாய்?

எண்பத்து நாலில் நீங்கள் ஆரம்பிப்பதற்கு முன்னால், பிரேம் சும்மா ஒரு வார்த்தை கேட்டான். "சாப்டியாடா?" அவ்வளவுதான். நீ பதில் சொல்லவில்லை. பதினோரு நொடி. எண்ணிப் பார்த்தேன். அந்தப் பேப்பர்க்காரர் மட்டும் தெருவில் கத்திக்கொண்டு போகிறார். பிறகு காகிதம் திரும்புகிறது, "வணக்கம் நேயர்களே" என்கிறாய். அந்த இடத்தை வெட்ட நான் கையை வைத்தேன். வெட்ட வரவில்லை. உன்னுடைய கடைசிப் பத்துப் பாகத்திலும் நிஜமாக இருந்தது அந்தப் பதினோரு நொடிதான்.

இப்போது வீட்டுச் செய்தி. ஜெயங்கொண்டத்தில் குஞ்சம்மாள் அத்தை சொன்ன இடம் ஏறக்குறைய முடிகிற நிலையில் இருக்கிறது. நீயும் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லித் தொலைத்துவிட்டாய். அவர்கள் வழக்கப்படி பெண்ணின் தாய்மாமனும் பெரியப்பாவும் மாப்பிள்ளை வேலை பார்க்கிற இடத்தை நேரில் பார்த்துவிட்டுத்தான் தட்டு மாற்றுவார்களாம். வருகிற பதினைந்தாம் தேதி சென்னைக்கு வருவதாக இருந்தார்கள். அப்பாவும் கூட வருவதாக இருந்தது. வாசலில் செக்யூரிட்டியிடம் உன் பெயரைச் சொல்லி அப்பா நிற்கிறார், அவன் அப்படி யாரும் இப்போது இல்லை என்கிறான். இதை நினைத்து நினைத்து எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

வருவதாக இருந்தார்கள் என்று எழுதியதைக் கவனித்தாயா? போன வெள்ளிக்கிழமை அப்பா அவர்களுக்குப் போன் செய்து முழங்கால் வலி, ஒரு மாதம் போகட்டும் என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே முருங்கை மரத்தில் ஏறிக் கீரை ஒடித்தார். அம்மா கத்தியும் இறங்கவில்லை.

உனக்கு ஒன்று தெரியாது. அப்பா உங்கள் பாட்காஸ்டைக் கேட்கிறார். முதல் பாகத்தின்போது இதெல்லாம் ஒரு பொழப்பா என்று கேட்ட அதே மனுஷன். பருத்திக் கொல்லையில் செல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நீ பேசுவதைக் கேட்டுக்கொண்டே களை பறிக்கிறார். அரக்கன் யார், கோட்டை எங்கே என்று ஒன்றும் புரியாது. நீ போன் செய்யாத இந்த இரண்டு மாதமும் உன் குரல் அவருக்கு அதில்தான் கிடைத்தது. எனக்கே போன வாரம்தான் தெரியும். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவர், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"பய என்னமோ பெருசா தோத்துட்டான் வேணி. சின்னதா தோத்திருந்தா நம்மகிட்ட சொல்லிச் சிரிச்சிருப்பான்."

மறுநாள்தான் அந்த முழங்கால் வலி வந்தது.

ஆகவே நீ மறைப்பது யாரிடம் என்று எனக்குப் புரியவில்லை, தம்பி. கேம் தெரியாத அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. லாரி ஓட்டுகிறவருக்குப் பாதி தெரிந்துவிட்டது. பிரேமுக்கு மட்டும் தெரியவில்லை, அவன் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். முதலில் அவனைக் கூப்பிட்டு ஒரு சண்டை போடு. ஜெயங்கொண்டத்தாருக்கு என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்பதை அப்பாவும் நீயும் சேர்ந்து பேசிக்கொள்ளுங்கள். அவர் கொடுத்திருப்பது ஒரு மாதம்.

எண்பத்து நாலை நான் ஏற்றவில்லை. ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்த நிகழ்ச்சி இன்று வரவில்லை, கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். காகிதத்தைக் கிழித்துப் போடு. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மைக் முன்னால் உட்கார். வாள் பையிலேயே இருந்த கதையைச் சொன்ன மாதிரி இதையும் சொல். ஊருக்குச் சொல்ல வேண்டாமென்றால் எனக்கு மட்டும் அனுப்பு. அழுதாலும் சரி, சும்மா இருந்தாலும் சரி, ஒரு நொடியைக்கூட வெட்ட மாட்டேன்.

அல்லது பஸ் ஏறி வந்துவிடு. இறங்குகிற நேரத்தை மட்டும் சொல். முழங்கால் வலிக்காரர் ஸ்டாண்டுக்கு முன்கூட்டியே வந்து நிற்பார்.

மூன்று வேளையும் சாப்பிட்டு, நன்றாகச் சண்டை போட்டு, நீண்ட நாள் நலமாக இருக்க வேண்டும் நீ.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அக்கா,
வேணி.