என் கண்ணில் ஒரு குறையும் இல்லை அப்பா

அப்பா,

போன சனிக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் கண் மருத்துவர் நிறம் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கும் அந்தப் புத்தகத்தை எடுத்து ஹரிணியின் முன்னால் விரித்தார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள், புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஓர் எண். உன் பேத்தி ஒவ்வொரு பக்கமாகப் படபடவென்று சொல்லிக்கொண்டே போனாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நானும் ஒவ்வோர் எண்ணையும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ போய் இத்தனை வருடம் ஆன பிறகும், அந்தப் புள்ளிகளைப் பார்த்தால் உன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது.

செத்துப்போன அப்பாவைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். எனக்கு அது வரவில்லை. நீ நல்லவன்தான். குடிக்கவில்லை, அம்மாவை அடிக்கவில்லை, பஸ் ஓட்டும்போது பின்னால் யாராவது ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் நிறுத்திக் காத்திருப்பாய். இதையெல்லாம் சொல்ல மண்ணூரில் பாதிப் பேர் இருக்கிறார்கள். நீ எனக்குச் செய்ததைச் சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

அப்போது எனக்கு ஹரிணியின் வயது. உனக்குக் கம்பெனி பஸ் இன்னும் வரவில்லை, டிராவல்ஸ் வேன் ஓட்டிக்கொண்டிருந்தாய். தாம்பரம் பக்கமிருந்து வரும் பயிற்சி விமானங்கள் நம் மாடிக்கு மேலே திரும்பும்போது நான் துணி காயப்போடுவதை விட்டுவிட்டு அப்படியே நிற்பேன். ஒருநாள் நீ வேன் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ப்பா, நான் மிலிட்டரி ஏரோப்ளேன் ஓட்டணும். அதுக்கு இன்னா படிக்கணும்?"

நீ சிரிக்கவில்லை. துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தாய். "விசாரிக்கிறேன் பாப்பா" என்றாய். நான் நம்பினேன். வண்டி ஓட்டுகிறவனின் பெண் இன்னும் பெரிய வண்டி ஓட்ட ஆசைப்படுகிறாள், அப்பாவுக்குப் பெருமையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதமோ என்னவோ பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடந்தது. நீயே கூட வந்தாய். டாக்டர் இதே போன்ற புத்தகத்தைக் காட்டினார், நான் எண்களைச் சொன்னேன். "வெளில நில்லு, வரேன்" என்று என்னை அனுப்பிவிட்டு நீ உள்ளே நின்றாய். பிறகு வெளியே வந்து, வேனின் படியில் என்னை உட்காரவைத்துச் சொன்னாய்.

"பாப்பா, உனக்குப் பச்சையும் சிவப்பும் ஒண்ணோட ஒண்ணு கலக்குதாம். கீழ இருக்கசொல்ல ஒண்ணும் தெரியாதாம். மேல போனாத்தான் தெரியுமாம். ஏரோப்ளேன் ஓட்ட வுட மாட்டாங்களாம்."

"நான் எல்லா நம்பரும் கரெக்டா சொன்னேனேப்பா?"

"அது அவருக்குத்தான் தெரியும்" என்றாய். எனக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்தாய். அன்றைக்கு நான் அழுதபோது என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாய். அதை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு பற்றி எரிகிறது. பொய்யையும் சொல்லி, அந்தக் கையாலேயே எப்படித் தடவ முடிந்தது உன்னால்?

அதற்குப் பிறகு நான் எப்படி வளர்ந்தேன் என்று யோசித்துப் பார்த்தாயா? துணிக்கடையில் சுடிதாரை எடுத்து வைத்துக்கொண்டு "இது பச்சைதானே?" என்று அம்மாவைக் கேட்பேன். ஓவிய வகுப்பில் பென்சிலின் மேல் எழுதியிருக்கும் பெயரைப் படித்த பிறகுதான் இலைக்கு வண்ணம் தீட்டுவேன். கண்ணெதிரே பச்சையாக இருக்கும் இலையைப் பச்சை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லாமல் போனது. என் கண் என்னை ஏமாற்றுகிறது என்று நினைத்தே வளர்ந்தேன். பதினொன்றாம் வகுப்பில் சேரும்போது டீச்சர் கேட்டார்: "நல்ல மார்க் வெச்சிருக்கியே, மேத்ஸ் குரூப் எடுத்தா இன்னா?" நான் காமர்ஸ் போதும் என்றேன். நீ என் பக்கத்தில்தான் நின்றாய். அன்றைக்காவது வாயைத் திறந்திருக்கலாம். நீ தலையை ஆட்டினாய். உன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அது என்ன நிம்மதி என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பி.காம். முடித்தும் ஒரு வேலையும் சரியாக அமையாமல், ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் கம்பெனியில் லைனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனேன். உள்ளே எடுக்கும் முன் உடல் பரிசோதனை. டாக்டர் புள்ளிப் புத்தகத்தை எடுத்ததும் நானே சொல்லிவிட்டேன்: "சார், எனக்குக் கலர் வராது."

அவர் எல்லாப் பக்கத்தையும் காட்டினார். பிறகு கடைசியிலிருந்து திருப்பிக் காட்டினார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "உனக்குக் கலர் தெரியாதுன்னு யாரும்மா சொன்னது?" என்று கேட்டார்.

"எங்கப்பா சார்."

"உங்கப்பா டாக்டரா?"

"டிரைவர்."

வரிசையில் நின்றிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். "பொண்ணுங்களுக்கு இந்தக் குறை வர்றதே அபூர்வம்மா. உன் கண்ணு சுத்தமா இருக்கு. போ, லைன்ல சேரு." பச்சை ஒயர், சிவப்பு ஒயர், பச்சையில் சிவப்புக் கோடு போட்ட ஒயர். எதை எதோடு சேர்க்க வேண்டும் என்று பிரித்துப் பார்க்கும் வேலை. அதுதான் எனக்குக் கிடைத்தது.

அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போகவில்லை. நீ பஸ் நிறுத்தும் இடத்துக்கு வந்தேன். செய்தித்தாளைச் சுருட்டி முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

"ப்பா, அந்த கேம்ப்ல டாக்டர் உன்கிட்ட இன்னா சொன்னாரு?"

எந்த முகாம் என்று நீ கேட்கவில்லை. தாளைக் கீழே போட்டாய். அதிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"நல்லா கீதுன்னுதான் சொன்னாரு" என்றாய்.

"அப்போ எதுக்குப்பா?"

நீ பஸ்ஸின் படியில் உட்கார்ந்துகொண்டாய். முகாமுக்குக் கொஞ்ச நாள் முன்னால் நீ போன ஒரு சவாரியைச் சொன்னாய். விமான விபத்தில் இறந்துபோன ஒரு பைலட் பையனின் அம்மா அப்பாவை ஏற்றிக்கொண்டு, உடலைக் கொண்டுவந்த வண்டிக்குப் பின்னாலேயே அவர்கள் ஊர் வரைக்கும் போயிருக்கிறாய்.

"பெட்டியத் தொறக்க வுடல பாப்பா. ஒரே ஒரு வாட்டி மூஞ்சியக் காட்டுங்கன்னு அந்தம்மா கேட்டுகினே இருந்துச்சி. காட்டல. உள்ள இன்னா இருந்துச்சோ. நான் வேன் ஸ்டீரிங்கப் புடிச்சிகினு அழுதுகினு இருந்தேன். வூட்டுக்கு வந்தா நீ ஏரோப்ளேன் ஓட்டணும்ன்ற. நான் இன்னா பண்ணுவேன்?"

என்ன பண்ணியிருக்க வேண்டும் என்று அன்றைக்குக் கத்தினேன், இன்றைக்கும் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெட்டியைப் பற்றி என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் உன்னோடு சண்டை போட்டிருப்பேன், சாப்பிடாமல் படுத்திருப்பேன். ஒருவேளை பயந்து நானே விட்டிருப்பேன். ஜெயித்தாலும் தோற்றாலும் அது எனக்கும் உனக்கும் நடுவில் நடந்த சண்டையாக இருந்திருக்கும். நீ எனக்கு எதிரியாக நிற்கக்கூட வரவில்லை. பழியை என் கண்மேல் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டாய். தன் கண்ணோடு ஒரு பிள்ளை எப்படிச் சண்டை போடும்?

பிறகு விசாரித்தேன். பட்டம் முடித்தவர்களும் விமானப்படையில் சேரலாம், ஆனால் பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் படித்திருக்க வேண்டுமாம். எனக்கு அந்தக் கதவு மூடி வருடக்கணக்காகியிருந்தது. நான் தேர்வில் தோற்றிருந்தால்கூட நெஞ்சு ஆறியிருக்கும் அப்பா. பத்துப் பேரில் ஒருத்தியாகப் போய், உயரம் போதவில்லை, தைரியம் போதவில்லை, வீட்டுக்குப் போ என்று அவர்களே சொல்லியிருந்தால் அது எனக்குக் கிடைத்த பதில். நீ என்னைக் கேள்வி கேட்கவே விடவில்லை.

ரொம்ப நாள் உன் பஸ்ஸில் ஏறாமல் ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போனேன். கல்யாணம் ஆனது, ஹரிணி பிறந்தாள், பேச்சு தானாக வந்துவிட்டது. அந்த ஒரு பேச்சு மட்டும் வரவேயில்லை. நீ அவளைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போவாய். விமானச் சத்தம் கேட்டால் கீழே இறங்கி வந்துவிடுவாய்.

அப்புறம் அந்தத் தொற்றுக் காலம் வந்தது. உன்னை ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுவந்து விட்டது நான்தான். அதற்குப் பிறகு பார்க்க விடவில்லை. தலையிலிருந்து கால்வரை மூடி ஒட்டிய பையில்தான் உன்னைத் தந்தார்கள். ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டுங்கள் என்று கேட்டேன். "தொறக்கக் கூடாதும்மா" என்றார் அந்த ஊழியர். அவரும் களைத்துப்போயிருந்தார். நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

வாழ்நாளில் விமானத்தில் காலே வைக்காதவன் நீ. மண்ணூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவிலேயே ஓட்டிக்கொண்டிருந்தவன். நீ எதற்குப் பயந்து என் ஆசையை அறுத்தாயோ, அது தரைமேலேயே நடந்து வந்து நம் வாசலில் நின்றது. அப்போதுகூட எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை, கோபம். பயந்தாயே, என்ன ஆயிற்று? யாரைக் காப்பாற்றினாய்?

இப்போது ஹரிணி. நான் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகத்தான் ஆரம்பித்தாள். இப்போது பெண்கள் போர் விமானமே ஓட்டுகிறார்கள், பிளஸ் டூ முடித்ததும் எழுதலாம் என்று எனக்கே பாடம் நடத்துகிறாள். சனிக்கிழமை டாக்டர் அவளுடைய நிறப் பார்வை நன்றாக இருக்கிறது என்றார். ஒரு கண்ணில் மட்டும் சின்னதாகப் பவர் இருக்கிறதாம், கண்ணாடி போட வேண்டுமாம். ஹரிணி உடனே கேட்டாள்: "டாக்டர், நான் மிலிட்டரி பைலட் ஆகலாமா?"

"அதெல்லாம் எதுக்கும்மா? நல்லா படிச்சு ஐ.டி.ல சேரு" என்றார் அவர்.

அந்த இடத்தில் உன் பொய் என் கைக்கே வந்து சேர்ந்தது அப்பா. நான் பொய் சொல்லக்கூட வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். கண்ணில் பவர் இருக்கிறது, விட்டுவிடு கண்ணே என்று தலையைத் தடவியிருக்கலாம். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரு விமானம் விழுந்து எரிவதை அவளுடைய போனிலேயே அவளோடு உட்கார்ந்து பார்த்தவள் நான்.

"சார், பாப்பா கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. முடியுமா முடியாதா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவங்க ரூல்ஸ் எனக்கு முழுசா தெரியாதும்மா. ஓரளவு பவருக்கு அனுமதி இருக்குன்னு கேள்வி. அவங்க டாக்டருங்க பார்த்துச் சொல்றதுதான் முடிவு. வளர்ற வயசு, பவர் ஏறவும் செய்யலாம். போனைக் குறைச்சுட்டு வெயில்ல வெளையாடச் சொல்லுங்க."

"தெரியாதுன்னு சொன்னீங்க பாருங்க, அது போதும் சார்" என்றேன். என்ன இந்த அம்மா இப்படிப் பேசுகிறாள் என்று பார்த்தார். பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். உன் மருமகன் திருநெல்வேலிக்காரர், அதிகம் பேசாதவர் என்று உனக்குத் தெரியும். "பிள்ளை கேக்கால்லா, உள்ளதைச் சொல்லிரு. ஒளிக்காத" என்றார். அவ்வளவுதான். இந்த இரண்டு வாக்கியம் உன்னிடமிருந்து எனக்கு வரவேயில்லை.

மாலையில் ஹரிணியை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கும் இயற்பியலும் விடவே கூடாது, யார் என்ன சொன்னாலும் அந்த குரூப்தான். தினமும் ஓடு. யூடியூப்பில் எவனாவது சொன்னான் என்று நம்பாமல் அவர்கள் வெளியிடும் அறிவிப்பையே தேடிப் படி, விதிகள் மாறும். நிறையப் பேரைத் திருப்பி அனுப்புவார்கள், நீயும் அதில் ஒருத்தியாக இருக்கலாம், அதனால் நீ குறைந்துவிட மாட்டாய். இன்னொன்றும் சொன்னேன்: "அது சும்மா பறக்கிற வேலையில்லடி. ஒருநாள் குண்டு போடச் சொல்வாங்க. கீழ ஆளுங்க இருப்பாங்க. அதையும் யோசி."

பிறகு உன் பொய்யைச் சொன்னேன். அந்தப் பெட்டியை, உன்னை மூடித் தந்த பையை, எல்லாவற்றையும். கடைசியாக, "எனக்கும் பயமாத்தான் கீது. ரொம்பப் பயம். நீ போகக் கூடாதுன்னுகூடத் தோணுது. அதை உன்கிட்ட மறைக்க மாட்டேன்" என்றேன்.

உன் பேத்தி கைப்பிடிச் சுவரைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"தாத்தா மேல இன்னும் கோவமா கீறியாம்மா?"

"ஆமா."

"நான் மேலருந்து வுழுந்துட்டா யார் மேல கோவப்படுவ?"

அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"உன் மேலதான்டி. வேற யார் மேல?"

"அப்போ சரி" என்றாள். கீழே இறங்கிப் போய், தினமும் ஓடுவதற்கு ஷூ வேண்டும் என்று அவள் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் மாடியிலேயே நின்றேன். அந்தப் பைலட் பையனின் அம்மாவை நான் பார்த்ததில்லை, ஆனால் இப்போது அவளும் என்னோடுதான் இருக்கிறாள். உன் பயம் முழுக்க எனக்கு வந்துவிட்டது அப்பா, ஒரு துளி குறையவில்லை. அது எவ்வளவு கனம் என்று இப்போது தெரிகிறது. தெரிந்த பிறகும் உன்னை மன்னிக்க முடியவில்லை. இவ்வளவு கனத்தை வைத்துக்கொண்டும் உள்ளதைச் சொல்ல முடிகிறது. சனிக்கிழமை நான் சொன்னேன். உன்னாலும் முடிந்திருக்கும்.