செஞ்சிக்கு வந்த கிரேக்கச் சொல்

இன்று காலை உன் மகள் அனுப்பிய பொட்டலத்தில், அன்று பேசுவதற்காக நீ குறிப்பெழுதிய நோட்டுப் புத்தகம் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் டிங்சர் கறை. ஆஸ்பத்திரியில் மருந்து கலந்த கையோடு எழுதியிருக்கிறாய்! பார்த்ததும் அறுபதுகளின் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே எழுந்து வந்துவிட்டது.

அப்போது செஞ்சியில் நீ கம்பவுண்டர், நான் தபால் குமாஸ்தா. சென்னையிலிருந்து வரவழைத்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தை ஆறு மாதம் சேர்ந்து படித்தோம். பழைய கிரேக்க ஞானிகளின் வாக்குகளுக்கு ஒரு ஜெர்மன் தத்துவவாதி புதுப்பொருள் சொன்ன புத்தகம். 'உண்மை'க்கான கிரேக்கச் சொல்லின் வேரைப் பிரித்து, மறைந்திருப்பது வெளிப்படுவதையே அவர்கள் உண்மை என்றார்கள் என்று அவர் எழுதியிருந்தார். அதைப் படித்த அன்று நீ தபாலாபீசுக்கே ஓடி வந்தாய்.

"டேய், உண்மைன்றது நாம சொல்றதுல இல்லடா. அதுவா வெளிய வர்றதுல இருக்குது!"

ஸ்டாம்பு வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள்.

அதைப் பற்றி அந்த ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் படிப்பகத்தில் நீ பேச ஏற்பாடானது. சிங்கவரத்திலிருந்துகூட சைக்கிளில் வந்திருந்தார்கள். பாதிப் பேச்சில் விழுப்புரத்துக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் எழுந்தார்.

"உங்களுக்குக் கிரேக்கம் தெரியுமா? ஜெர்மன்?"

"ரெண்டும் தெரியாது சார்."

கூடமே சிரித்தது. உன் முகம் வாடிப்போனது. உனக்குத் துணையாகப் பேசத்தான் நான் எழுந்தேன். ஆனால் ஒரு வாரமாக மனதைக் குடைந்தது வாயில் வந்துவிட்டது.

"சந்தையில பேசின கிரேக்கன் சொல்லோட வேரையா நினைச்சுப் பேசினான்? ஜெர்மன்காரரு தன் கருத்தை அவங்க வாயில போட்டுப் பேசறாரோன்னு தோணுது."

சொன்ன பிறகுதான் உறைத்தது, விழுந்தவனை நானும் மிதித்துவிட்டேனே என்று. நீயோ மேடையிலிருந்து குதித்து வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாய்.

"இத ஏன்டா இத்தினி நாளா சொல்லல? விடாத, பேசு!"

அப்புறம் ஆளுக்கு ஆள் பேசினோம். சுண்ணாம்புக்கட்டியை வாங்கி அந்த ஆசிரியரே சுவரில் கிரேக்க எழுத்துகளைப் போட்டுக் காட்டினார். விழுப்புரம் பஸ்ஸையும் கோட்டைவிட்டார்!

நீ கட்சி மாறவில்லை. திருச்சிக்கு மாற்றலாகிப் போன பிறகும் கடிதத்துக்குக் கடிதம் அதே சண்டை. போன தை மாதம் நீ போய்விட்டாய் என்று தந்தி போல நான்கே வார்த்தையில் செய்தி வந்தது. என் கடைசிப் பதிலை நீ படித்தாயா, தெரியாது.

நேற்று என் மகன், "நைனா, நீங்க சொல்றது சுத்தத் தப்பு" என்றான். உன்னைச் சந்திப்பதற்கு முன்பு இருந்த நானாக இருந்தால் எழுந்து போயிருப்பேன். உட்கார வைத்து முழுவதும் கேட்டேன். அவன் சொன்னதுதான் சரி. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!