ஓட்டைக் கத்தரிக்காயும் காதறுந்த கிடாவும்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஞாயிறு பேத்திக்கு ஞானஸ்நானம். மதியம் சபைக்கு அசனம், கறிச்சோறு. மழை விட வேண்டும். பந்தல்காரரிடம் தார்ப்பாய் சொல்ல வேண்டும்.

பிள்ளை மாதம் நிறையாமல் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான் செய்த பொருத்தனை இது. வீட்டுக்கு வந்துவிட்டால் சபைக்கே கறிச்சோறு போடுகிறேன், ஆண்டவரே. வந்துவிட்டாள். இப்போது அழுது தெருவையே எழுப்புகிறாள். நன்றாக அழட்டும்.

மகள் ஜெபாவின் நிபந்தனை: மருந்தடிக்காத காய், மேய்ந்து வளர்ந்த ஆடு. "நான் திங்கிறதுதாம்ப்பா அவளுக்குப் பாலாப் போகுது" என்கிறாள்.

ராஜபாளையத்தில் கிடைக்காது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். இயற்கை அங்காடி. கத்தரிக்காயெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி மினுமினுப்பு. சந்தேகம். வாங்கவில்லை. திரும்பும்போது பஸ் ஜன்னல் மூடவில்லை, ஒரு பக்கத் தோள் முழுக்க ஈரம்.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. புழுக்கம். ஓட்டை உள்ள கத்தரிக்காய்தான் நல்லதாம், ஜெபா சொல்கிறாள். பூச்சியே வாய் வைக்காததை நாம் தின்னக் கூடாதாம். கல்யாணமான நாளிலிருந்து ஓட்டைக் காய் வாங்கிவந்து எஸ்தரிடம் திட்டு வாங்குகிறவன் நான். இனி ஓட்டை இல்லாவிட்டால் மகளிடம் திட்டு.

மார்க்கெட்டில் சொத்தையாகப் பார்த்துப் பொறுக்கினேன். கடைக்காரம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாட்டுக்கா அண்ணாச்சி?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். "இதுவும் மருந்தடிச்சதுதான். பூச்சிக்குப் பழகிப்போச்சு." பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு வந்தேன்.

கறிக்கடை. சந்தை ஆடுதான் என்றார் கடைக்காரர். விற்பதற்கு முன் உப்பும் தண்ணீரும் கொடுத்து வயிற்றை ரொப்பிக் கொண்டுவருவார்கள் என்பதையும் அவரே சொன்னார். என்ன தீனி, எங்கே மேய்ந்தது என்று நான் கேட்டுக்கொண்டே இருக்க, கத்தியைக் கீழே வைத்தார். "ஆடு என்ன தின்னுச்சுன்னு இம்புட்டுக் கேக்குறிய. நான் தின்னனான்னு ஒருத்தரும் கேட்டதில்ல." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒரு வேலையும் முடிந்தபாடில்லை.

நவம்பர் 6, வியாழன்

தார்ப்பாய் – சொல்லியாச்சு.
வாழை இலை – மம்சாபுரத்தில்.
கத்தரி – எஸ்தரின் தங்கை தோட்டத்திலிருந்து. (மருந்தடிக்க அவளுக்குச் சோம்பல். நம்பலாம்.)
கிடா – கிடைத்துவிட்டது!

தேவதானம் ஊரில். முத்தையா என்பவரிடம். கறுப்புக் கிடா, கட்டுக்கயிறே காணாதது. யார் வயலில் மேய்ந்தாலும் யாரும் விரட்டுவதில்லை, டீக்கடை வாசலில் நின்றால் பன் கொடுக்கிறார்கள். ஊரே வளர்த்த ஆடு. பார்த்ததும் மயங்கிவிட்டேன். இப்படி ஒன்றைத்தானே வாரம் முழுக்கத் தேடினேன்.

ஒரு காது நுனி அறுந்திருந்தது. கேட்டேன். நாய் கடித்தது என்றார். கழுத்தில் மஞ்சள் கயிறு. கேட்டேன். கண் படாமலிருக்கக் கட்டியது என்றார். அவர் மனைவி நடவுக்குப் போயிருந்தாள். மூன்றாவது கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அவருக்கும் அவசரம், எனக்கும் அவசரம். லோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டோம்.

நவம்பர் 7, வெள்ளி

நல்ல மழை. கிடா பின்வாசல் கொட்டகையில். கயிறு அதற்குப் பிடிக்கவில்லை. அறுத்துக்கொண்டு போய் எஸ்தரின் கறிவேப்பிலைச் செடியை மொட்டையடித்துவிட்டது. ஜெபா பிள்ளையைத் தூக்கிவந்து காட்டினாள். கிடா பிள்ளையின் காலை மோந்து பார்த்தது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டாள்.

மனசு ஒரு நிலையில் இல்லை. மஞ்சள் கயிறு. காது. எனக்குத் தெரியாதா என்ன, இந்த ஊரில்தானே பிறந்தேன்.

போதகர் ஐயாவுக்குப் போன் போட்டேன். ஒரு நண்பருக்குச் சந்தேகம் என்று ஆரம்பித்தேன். சாமிக்கு நேர்ந்துவிட்ட ஆடு என்று தெரியாமல் வாங்கிவிட்டால்? விசாரிக்காமல் வாங்கியிருந்தால் குற்றமில்லை, வேதத்திலேயே இருக்கிறது என்றார். இந்த வாரம் முழுக்க நான் பார்த்ததே விசாரிக்கிற வேலைதான். அந்த ஒன்றைத்தான் விட்டுவிட்டேன். நண்பருக்கு என் அன்பைச் சொல்லுங்கள் என்றார் ஐயா.

நவம்பர் 8, சனி

விடிந்ததும் வாசலில் ஒரு பெண். முத்தையாவின் மனைவி பேச்சியம்மாள். கூடவே சின்ன மகள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. அந்தப் பிள்ளை "கருவா" என்று கூப்பிட்டதும் பின்வாசலிலிருந்து கிடா கத்தியது. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

"கருப்பசாமிக்கு நேந்துவிட்டது அண்ணாச்சி. இவ காய்ச்சல்ல கண்ணு முழிக்காமக் கெடந்தா. அப்ப நேந்தது. வார வெள்ளிக்கெழம வெட்டணும். இந்த மனுசன் வித்துட்டு வந்து நிக்காரு."

வாங்கிய பணத்தை அப்படியே கொண்டுவந்திருந்தாள். நானும் சொன்னேன். கண்ணாடிப் பெட்டி, வராந்தா, பொருத்தனை எல்லாம். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. நீங்களும் பிள்ளைக்காகத்தானா என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளே பேத்தி அழுதாள். இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

நான்தான் அவிழ்த்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்குப் பின்னால் கயிறில்லாமல் நடந்து போனது.

ஜெபாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "கடைக்கறியே வாங்குங்கப்பா. ஒரு நாள்ல என்ன ஆயிரும்" என்கிறாள். இதைச் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கலாமே தாயே. கோபம் வந்தது. அதற்குப் பின்னால் பயம். ஆண்டவரிடம் சொன்ன சொல்லுக்குச் சந்தை ஆடா? கறிக்கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. ஆர்டரை எழுதிக்கொண்டார். அந்த மட்டில் நல்லவர்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில்! தார்ப்பாய் வீண். தண்ணீர் படும்வரை தூங்கிய பிள்ளை, பட்டதும் கோயில் அதிர அழுதாள். எஸ்தருக்குக் கண்ணீர். எனக்கும்.

பந்தியில் ஒரே பேச்சு. மேய்ந்த கிடா என்று செய்தி எப்படியோ பரவிவிட்டிருக்கிறது. இந்த ருசி கடைக்கறியில் வருமா என்று ஒருவர் எலும்பை உறிஞ்சினார். நான் ரசம் ஊற்றிக்கொண்டே போனேன். ஜெபா என்னைப் பார்த்துச் சிரிக்காமலிருக்கப் பாடுபட்டாள்.

சோறு போட்டாகிவிட்டது. மனசு நிறையவில்லை. பொருத்தனை சேர்ந்ததா சேரவில்லையா, யாரைக் கேட்க?

கடைசிப் பந்திக்குப் பேச்சியம்மாள் மகளோடு வந்தாள். நான் கூப்பிடவில்லை. அவளுக்கு விரதம், சோறும் கத்தரிக்காய்க் கூட்டும் மட்டும். மகள் கறியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கிளம்பும்போது பேச்சியம்மாள் பேத்தியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"வெள்ளிக்கெழம ரெண்டு பிள்ளைக்கும் சேத்துத்தான் வெட்டுறோம் அண்ணாச்சி. சாமிகிட்டச் சொல்லிட்டேன். பேரு தெரியல, அண்ணாச்சி வீட்டுப் பிள்ளைன்னு சொல்லிருக்கேன். என்ன பேரு?"

சபையில் நான் மூப்பர். அதெல்லாம் வேண்டாம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். பின்னால் போதகர் ஐயா கை கழுவிக்கொண்டிருந்தார்.

பேரைச் சொன்னேன். அவளுக்குச் சரியாக வாயில் நுழையவில்லை. திரும்பவும் சொன்னேன், மெதுவாக.