தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்
3 மார்ச் 1907

அன்புள்ள சம்சுன்னிசாவுக்கு, மச்சான் நூருல் அமீன் சலாம்.

வீடு பிடித்தாயிற்று, உனக்குக் கப்பல் சீட்டு எடுக்கட்டுமா என்று இரண்டு கடிதம் போட்டேன். சரி என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. கட்டின பெண்டாட்டி இப்படியா?

இங்கே ஒரு பூனையும் உன்னைப் போலத்தான். டிராமுக்கு மின்சாரம் எடுக்கும் எங்கள் கொட்டகையில், கரிக்குவியல் ஓரம் மூன்று குட்டி போட்டிருந்தது. கரி சரிந்ததும் எல்லாவற்றையும் அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பலகையில் பெட்டி செய்தேன், காற்றுக்குத் துளை வைத்தேன், மண்ணெண்ணெய் டின்னை வெட்டி மணல் போட்டேன். சனியன் அலமாரிக்கு அடியில் படுத்திருக்கிறது. நான் பார்த்தால் மீனைத் தொடுவதில்லை. பெட்டியில் என்ன குறை? எழுது. சீட்டு விஷயமும் எழுது.

நூருல் அமீன்

நாகூர்
22 மார்ச் 1907

மரியாதைக்குரிய மச்சானுக்கு, சம்சுன்னிசா சலாம் சொல்லி எழுதுவது. வாப்பா, உம்மா சுகம்.

பூனைச் சேதி படித்து உம்மாவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். அது என்ன நிறம்? பெட்டிக்குள் அதுவாகப் போனதா, நீங்கள் தூக்கிப் போட்டீர்களா? நீங்கள் வேலைக்குப் போனபின் அதற்கு அக்கம்பக்கம் யார்? கதவை வெளியே பூட்டிவிட்டா போகிறீர்கள்?

நம் தெருவில் கடல் தாண்டின பெண் யாரும் இல்லை மச்சான். அதனால்தான் பூனையைப் பற்றி இவ்வளவு கேட்கிறேன்.

சம்சுன்னிசா

சிங்கப்பூர்
10 ஏப்ரல் 1907

சம்சுன்னிசாவுக்குச் சலாம்.

சாம்பல் நிறம், ஒரு காது கிழிசல். தூக்கித்தான் போட்டேன், வேறெப்படிப் போடுவது? பூட்டிவிட்டுத்தான் போனேன். வாசலில் மாட்டுவண்டியும் நாயுமாக இருக்கிறது.

இதைக் கேள். உனக்கென்று வாங்கி வைத்த, ஜாவாப் பூ அச்சடித்த பாத்திக் கைலியைக் கொடியிலிருந்து இழுத்துப் போட்டு, குட்டிகளை ஒவ்வொன்றாய்க் கவ்விவந்து அதில் கிடத்திவிட்டது. என் பெட்டி காலி!

போன வெள்ளிக்கிழமை அவசரத்தில் பூட்ட மறந்தேன். திரும்பினால் பூனை இல்லை. எதிர்வீட்டுப் பூவம்மா, "உங்க பூனை எங்க அடுப்படிய எட்டிப் பாத்துட்டுப் போச்சு தம்பி. பூட்டு இல்லேன்னதும் அது மூஞ்சியே மாறிப்போச்சு" என்று சிரித்தார். கொஞ்ச நேரத்தில் தானே வந்தது. என் எதிரிலேயே மீன் தின்றது. போக வழி இருக்கும்போது எதற்குத் திரும்பி வரவேண்டும்? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வெளித் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். உள்பக்கம் ஒன்று அடித்திருக்கிறேன், உனக்கு எட்டும்படி. நிக்காஹ் முடிந்து பத்து நாளில் கப்பலேறினவன், உன் உயரம் நினைவில்லை. உத்தேசமாக அடித்தேன். சரியா?

நூருல் அமீன்

நாகூர்
29 ஏப்ரல் 1907

மச்சானுக்குச் சலாம்.

நான் உங்கள் தோளுக்கு வருவேன். தாழ்ப்பாளை அதற்குத் தக்கபடி மாற்றி அடியுங்கள். கைலி பூனைக்கே இருக்கட்டும், குட்டிகளைக் கலைக்காதீர்கள். பூவம்மாவுக்கு என் சலாம் சொல்லுங்கள்.

வாப்பாவிடம் பேசிவிட்டேன். சீட்டு எடுங்கள். திரும்பி வரும் சீட்டும் சேர்த்து எடுங்கள். அது என்னிடமே இருக்கட்டும்.

சம்சுன்னிசா